மூச்சை வாபஸ் வாங்கிய அண்ணாச்சி

எங்கள் ஊரில் ‘நாய்’ என்று கூப்பிட்டால் மலர்ந்த முகத்தோடு திரும்பிப் பார்க்கும் மனிதர் நீர்நாய் அண்ணாச்சி ஒருவர்தான். தமிழ்நாட்டிலேயே அவர் ஒருவர்தான் என்று எழுத ஆசை. ஆனால் விசாரிக்காமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக்கு மட்டும் உறுதி கூறுகிறேன்.

அவர் எங்கள் பேரூராட்சியில் கவுன்சிலராக இருந்தார். நான் அங்கே எழுத்தர். கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் குறித்துக்கொள்வது என் வேலை. கவுன்சிலர் ஆவதற்கு முன்பு அவர் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் பாடும். அதனாலோ என்னவோ, மைக் இல்லாமல் அவரால் இரண்டு சொல் சேர்ந்தாற்போல் பேச முடியாது. கையில் மைக் இருந்தால் அருவி. பிடுங்கிவிட்டால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் போலப் பெருமூச்சு வாங்குவார். பெண் பார்க்கக்கூட மைக்கோடுதான் போனார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் மனைவியிடமே கேட்டேன்.

“அது பொய்யி. மைக் மட்டும்தான் கொண்டாந்தாவ. குழாயைக் கொண்டாரலை” என்றார்.

அவர் தேர்தலில் ஜெயித்தது குரங்குகளால். “குரங்குத் தொல்லையை ஒழிப்பேன்” என்று ஆட்டோவில் குழாய் கட்டித் தெருத்தெருவாக முழங்கினார். ஜெயித்ததும் கூண்டு வாங்குவார் என்று பார்த்தால், வாடகைக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து இறங்கிவந்து கூட்டத்தில் அறிக்கை வாசித்தார்.

“காலையில மரத்தை விட்டு இறங்குது. நம்ம தெருவுல குப்பையைத் தின்னுது. பொழுதடஞ்சா மரத்துக்குப் போயிருது. குப்பையை எடுங்கவே, குரங்கு தானாப் போவும்.”

மறுநாள் முதல் தெருமுனையில் குழாய் அலறியது. “பச்சைக் கதவு வீட்டு அக்கா! மீன் தலையை மூடி வைங்க! எதுத்த வீட்டு மைனி சிரிக்காதீங்க, உங்க வீட்டு வாழைப்பழத் தோலும் ரோட்டுலதான் கெடக்கு!” மானத்துக்குப் பயந்து அந்த வார்டே சுத்தமானது. குரங்குகள் போய்விட்டன. அடுத்த வார்டுக்குத்தான் போயின என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். “அது அந்தக் கவுன்சிலர் பாடு” என்றார் அண்ணாச்சி.

அடுத்து அவர் கை வைத்தது ஆற்றில். தாமிரபரணியில் பரிகாரம் செய்ய வருபவர்கள் முழுக்குப் போட்டுவிட்டு, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிடுவார்கள். துணியோடு பாவமும் போய்விடும் என்று நம்பிக்கை. பாவம் போகிறதோ இல்லையோ, துணி போகாது. எங்கள் ஊர் வளைவில் நாணலில் வந்து சிக்கிக்கொள்ளும். பேரூராட்சி வைத்த எச்சரிக்கைப் பலகையில் துணி காயப்போட்டார்கள். அண்ணாச்சி படித்துறையில் குழாய் கட்டினார்.

“பக்தகோடிப் பெருமக்களே! ஆத்துல விட்ட துணி உங்களைத் தேடி வீட்டுக்கே வரும்! துவைச்சு எடுத்துட்டுப் போறவங்களுக்கு மட்டும்தான் தோஷம் கழியும்!”

ஒரு ஜோசியர் ஓடிவந்தார். “இது எந்த சாஸ்திரத்துல இருக்கு அண்ணாச்சி?”

“எந்த சாஸ்திரத்துல இல்லைன்னு போட்டிருக்கு?”

ஜோசியர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். ஜனங்கள் துணியைப் பிழிந்து எடுத்துப்போனார்கள். ஒருவர், போன அமாவாசைக்கு விட்ட வேட்டியையும் தேடித் தரச் சொன்னார்.

அப்படி நாணலுக்குள் பழந்துணி பொறுக்க இறங்கிய ஒரு நாள்தான் அண்ணாச்சி நீர்நாய்களைப் பார்த்தார். தாயும் குட்டிகளுமாக ஒரு குடும்பம். நேராக அலுவலகத்துக்கு வந்தார். சேறு சொட்டச் சொட்ட என் காதருகே குனிந்து, “வே… மீசை வச்சிருக்குவே” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் மெல்லப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே படித்துறைக் குழாயைக் கழற்றிவிட்டார். “குட்டி தூங்கும்லா” என்றார்.

வினை அந்த மாதக் கூட்டத்தில் வந்தது. ஆற்று வளைவில் நாணலை அழித்து, கான்கிரீட் படித்துறையும் விளக்குகளோடு பூங்காவும் கட்டுவதாகத் தீர்மானம். கொண்டுவந்தவர் தலைவர். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். கோபம் முன்னே வரும், அவர் பின்னே வருவார். மற்ற எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். எதிர்க்க இருந்தது அண்ணாச்சி மட்டும். மைக்கைப் பிடித்து எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

தலைவர் சிரித்தார். “கரையில நாணலும் பாம்பும்தானே கெடக்கு. வேற என்னவே இருக்கு அங்கன? சொல்லும்!”

தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சன்னல். அதற்கு வெளியே ஆறு. அண்ணாச்சி செத்த மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலைச் சன்னலை நோக்கி நீட்டினார். சன்னலுக்கு நேராகத் தலைவரின் முகம்.

“நீர்…” என்றார். வழக்கமான பெருமூச்சு. “நாய்!”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய ஆண்களை ‘நீர்’ என்போம். மரியாதையும் நாயும் இப்படி அடுத்தடுத்து வந்து அந்த அறை பார்த்ததில்லை.

“யாரைப் பாத்துவே நாய்ங்கீரு?” என்று தலைவர் எழுந்தார்.

“உம்மை… இல்லவே. உமக்கு… பின்னால!”

“எனக்குப் பின்னால வாரவனுவளையும் சேத்தா சொல்லுதீரு?” தலைவரின் ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள்.

என் பேனா நின்றுவிட்டது. சேர்த்து எழுதினால் விலங்கு. பிரித்து எழுதினால் வழக்கு.

“சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்கும். இல்லைன்னா சஸ்பெண்டு” என்றார் தலைவர். ஒரு எதிர்ப்பு பதிவானாலும் மேலே விளக்கம் கேட்பார்கள்; அண்ணாச்சி வெளியேறினால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். மறுநாளே ஜேசிபி இறங்கும். வாபஸ் வாங்கித் தொலையும் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். அண்ணாச்சி மறுத்துவிட்டார்.

“வாபஸ் வாங்குனா… அங்கன அது இல்லைன்னு… ஆயிரும்லா?”

செத்த மைக்கை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: “ஒண்ணு செய்யுதேன். நடுவுல விட்டேன்லா மூச்சு, அதை வாபஸ் வாங்குதேன். சொல்லை… வாங்க மாட்டேன்.”

மூச்சை வாபஸ் வாங்கினால் சொல் சேர்ந்துவிடுகிறது. நான் சேர்த்து எழுதினேன். தலைவர் விடவில்லை. “காலையில ஆத்துக்கு வாரேன். மிருகத்தைக் காட்டும். காட்டலைன்னா ராஜினாமா.”

“சரி” என்றார் அண்ணாச்சி. அதற்கு மூச்சு வாங்கவில்லை.

விடிந்ததும் மொத்தப் பேரூராட்சியும் ஆற்றங்கரையில் நின்றது. மேட்டில் ஜேசிபியும் வந்து நின்றுவிட்டது. அண்ணாச்சி சேற்றில் குந்தியபடி வாயில் விரல் வைத்து எல்லோரையும் கெஞ்சினார். ஒருவர் போனில் பக்திப் பாட்டு ஒலித்தது. ஒருவர் வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆறு சும்மா ஓடியது. வெயில் ஏறியது.

“ராஜினாமாவை எழுதிக் கொண்டாந்தீரா, இல்லை எழுத்தரை எழுதச் சொல்லட்டா?” என்றார் தலைவர்.

 அண்ணாச்சியின் பார்வை ஜேசிபி மேல் இருந்தது. பதவி போவது பற்றி அந்த முகத்தில் எதுவும் இல்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர் முகம் அது.

அதிகாலையில் குடித்த காபி தலைவரை அவசரப்படுத்தியது. நாணலுக்குப் பின்னால் ஒதுங்கினார்.  பிறகு ஒரு அலறல். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அண்ணாச்சியை நோக்கி நீட்டியபடி மூச்சிரைக்க ஓடிவந்தார் தலைவர்.

“நீர்… நாய்! நீர்… நாய்!”

அண்ணாச்சி நிதானமாக எழுந்து சேற்றைத் துடைத்தார். “யாரைப் பாத்துவே சொல்லுதீரு?”

தலைவர் அப்படியே நின்றார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். “ஒரு குடும்பமே இருக்குவே! ஒண்ணு மீனைக் கடிச்சுக்கிட்டு என்னையே பாக்கு. வந்த காரியமே மறந்துபோச்சு!”

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. இன்றுவரை ஒத்தித்தான் வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி அடுத்த தேர்தலில் தோற்றார். “பதவியில இருந்து என்னத்தக் கட்டினாரு?” என்று எதிராளி கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் எதையும் கட்டவில்லை. அந்த வளைவில் நாணல் மட்டும் இப்போது ஆளுயரத்துக்கு நிற்கிறது.

சில விடியற்காலைகளில் ஆற்றங்கரையிலிருந்து எனக்குப் போன் வரும். ஊருக்கே கேட்கும்படி பேசிய மனிதர், எனக்கு மட்டும் கேட்கும் குரலில், “பைய வாரும்வே” என்பார். நான் வீட்டிலிருந்தே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.