இரண்டு மணிக் கல்யாணமும் விஷப் பட்டியலும்

மதிப்பிற்குரிய அக்கா குன்வோருக்கு, தம்பி சிக்ஸ்டன் பணிவுடன் எழுதிக்கொண்டது. முதுகைத் தவிர நான் நலம். உன் நலமும் ஓலவின் நலமும் அறிய ஆவல். போனை நீ எடுக்காததால், இதை எழுதி நானே வந்து உன் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

திங்கட்கிழமை நடந்ததை ஊரே உனக்குச் சொல்லியிருக்கும், நான் சொல்லியும் ஒருமுறை கேள். நகராட்சியில் மொத்தம் நாற்பத்து மூன்று சர்வர்கள். அவற்றைப் பராமரிக்கும் மென்பொருளைப் பதினேழு வருஷமாக நானேதான் ஒவ்வொன்றாகப் போய் நிறுவிக்கொண்டிருந்தேன், ஒரு குறை கிடையாது. புது மேலாளர் வந்தார், "சிக்ஸ்டன், இனிமே எதையும் கையால தொடாதீங்க" என்றார். நீ ஜாம் பாட்டிலில் சீட்டு ஒட்டுவாயே, அதுபோல ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு டேக் ஒட்டவேண்டுமாம். பிறகு ஒரு விதி எழுதிவிட்டால் போதும். இன்ன டேக் இருந்தால் இன்ன மென்பொருள் தானாகப் போய் உட்காரும், டேக்கை எடுத்தால் தானாகக் கிளம்பும்.

சுற்றுச்சூழல் பிரிவின் சர்வரில் ஊரிலுள்ள விஷங்களின் பட்டியல் இருக்கிறது, எலி மருந்து முதல் பழைய பெயின்ட் வரை. அதற்கு 'யிஃப்ட்' என்று டேக் ஒட்டி, விதியைக் கறாராக எழுதினேன்: பூட்டு, எச்சரிக்கைப் பலகை மாட்டு, கிளம்பும்போது ஓர் எழுத்து விடாமல் துடை. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். நம் பாஷையில் விஷத்துக்கும் கல்யாணமானவருக்கும் 'யிஃப்ட்' என்ற ஒரே சொல்தான் என்று உனக்கு நான் சொல்லவேண்டாம், உன் முதல் புருஷன் பேச்சு வரும்போதெல்லாம் நீயே சொல்வாய். ஆனால் கல்யாணப் பதிவுப் பிரிவு பெர்னிலா, போன வருஷமே தன் சர்வருக்கும் அதே டேக்கை ஒட்டிவைத்திருப்பாள் என்று நான் கனவா கண்டேன்?

இரண்டாவது கோப்பை முடியவில்லை, அவள் வந்து நின்றாள். "சிக்ஸ்டன், கல்யாணத் தேதி பாக்கப் போற ஜோடிக்கெல்லாம் 'அபாயம், கையுறை போட்டுத் தொடவும்'னு வருது. ஒரு பொண்ணு போன் பண்ணி, முன்னாடியே சொன்னதுக்கு நன்றின்னு தேதியை ரத்து பண்ணிட்டா."

பதறிப்போய் அந்த டேக்கைப் பிடுங்கினேன். மென்பொருள் மரியாதையாகக் கிளம்பியது, விதிப்படி பதிவுப் புத்தகம் முழுவதையும் துடைத்துவிட்டு. சனிக்கிழமை இரண்டு மணிக்கு இருந்த உன் கல்யாணமும் அதில் போயிற்று. அன்று நீ போனில் கடைசியாகச் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது: "அறுபத்தோரு வயசுல ஒரு நல்ல மனுஷன் கிடைச்சான், அதையும் அழிச்சுட்டியேடா. சாட்சிக்கு நீ வரவேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் போதும்." அக்கா, இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை.

இப்போது நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவைத்த நகலிலிருந்து அந்தச் சர்வரை இன்று காலை இருந்தது இருந்தபடியே மீட்டுவிட்டேன். சனிக்கிழமை, இரண்டு மணி, குன்வோர், ஓலவ் என்று என் கண்ணாலேயே பார்த்தேன். இனி உன் கல்யாணத்தை யாராலும் அசைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் வரவேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடு.

ஓலவுக்கும் பூனைக்கும் என் அன்பு. நீங்கள் இருவரும் பல்லாண்டு 'யிஃப்ட்' ஆகவே, அந்தச் சொல்லின் நல்ல பொருளிலேயே, வாழவேண்டும் என்று விரும்பும்

உன் தம்பி,
சிக்ஸ்டன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பெர்னிலா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நகலோடு ஞாயிற்றுக்கிழமை டேக்கும் திரும்பி வந்துவிட்டதாம். புத்தகம் மறுபடி பூட்டிக்கொண்டது, டேக்கை எடுத்தால் மறுபடி துடைத்துவிடும். ஆக, உன் கல்யாணம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. யாராலும் அசைக்க முடியாது, என்னாலும். சனிக்கிழமை எதற்கும் இரண்டு ஜோடி கையுறை எடுத்து வா.