மை காயும் வரை

"பூவைப் பாரும்மா. அப்புறம் உன் பிரிண்டைப் பாரு" என்றார் முதலாளி பரமசிவம்.

வைதேஹி பார்த்தாள். ஜன்னலோரத் தொட்டியில் பூ இளம் ரோஸ். கையிலிருந்த படத்தில் வெள்ளை.

தில்லி முனிர்காவில் ஒரு மாடியில் இயங்கிய அந்தக் காலண்டர் கம்பெனியில் அவளுக்கு இன்று பரீட்சை. அக்டோபர் தாளில் பூவின் நிறம் அசலோடு பொருந்தினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இன்றோடு சரி. காகிதத்தில் நிறம் எப்படி விழும் என்பதை முன்கூட்டியே திரையில் காட்டும் 'சாஃப்ட் ப்ரூஃப்' தனக்கு அத்துப்படி என்று சொல்லித்தான் சேர்ந்திருந்தாள்.

"காலையில படம் எடுக்கறப்ப வெள்ளையாத்தான் சார் இருந்தது."

"என் வீட்டுத் தொட்டிம்மா. விடியறதுக்கு முன்னாடி பேப்பர்ல சுத்தி நானே தூக்கிட்டு வந்தேன். கேமராவை விடு, கண்ணை நம்பு."

திரையில் ரோஸ் கூட்டினாள். பூவும் திரையும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்துப்போயின. அச்சிட்டாள். மை நன்றாகக் காயாமல் நிறம் பார்க்கக் கூடாது என்பது பரமசிவத்தின் சட்டம். காத்திருந்தார்கள். மின்விசிறி மெல்லச் சுற்றியது. வெயில் மேஜை மேல் பூனைபோல் நகர்ந்தது. அவள் கண்களுக்குள் ரோஸ் மிதந்தது.

மை காய்ந்தது. பூ இன்னும் அடர்த்தியாக இருந்தது.

"டியூப்லைட் கோளாறு" என்று அணைத்தார். மறுபடி அச்சு, மறுபடி காத்திருப்பு. பூ ஒரு படி முன்னால் நின்றது.

"சுரேஷ்குமார், உன் மஞ்சள் சட்டை திரையில அடிக்குது. ஜல்தி வெளியே போ!"

"கணக்கு எழுதறவன் சார் நான்" என்று முனகியபடி அவன் படியிறங்கினான்.

கடைசிப் படம் காய்வதற்குள் வெயில் சாய்ந்தது. பூ தனக்கு முன்னால் ஓடிப்போய், வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பதாக வைதேஹிக்குத் தோன்றியது. படத்தில் ரோஸ், தொட்டியில் ரத்தச் சிவப்பு.

"சார், பூதான் மாறுதோன்னு…"

"மாறுறது உன் மானிட்டர். நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்மா."

தொலைபேசி மணி அடித்தது. அவளே எடுத்தாள். பரமசிவத்தின் மனைவி இந்திராணி.

"ஏம்மா, பூ சிவந்துடுச்சா?"

"சிவந்துடுச்சு மேடம்."

"அப்ப அவரைக் கிளம்பச் சொல்லு. காலைல வெள்ளை, மத்தியானம் ரோஸ், சிவந்தா சாயங்காலம். எங்க வீட்டுக்கு அந்தப் பூதான் கடிகாரம். பாவம், கல்யாணமானதுலேர்ந்து அவர் அதைப் பகல்ல பார்த்ததே இல்ல!"