தெப்பத்தன்று ரைட்டக்கா போட்ட பச்சைக் கோட்டு

திருத்தணியில் முருகனுக்கு அடுத்தபடியாக ஊரையே ஏற்றி இறக்கியவர் ரைட்டக்காதான். பள்ளிப்பட்டு பஸ்ஸின் கண்டக்டர். சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு, கழுத்தில் விசில். எது சொன்னாலும் பதில் "ரைட்டு". "மாமியார் போயிட்டாங்கக்கா" என்று அழுத பெண்ணிடமும் அதையே சொன்னவர்.

டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய் உடை மாற்ற அவருக்கு என்றைக்கும் நேரம் இருந்ததில்லை. அரக்கோணத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் காக்கிக் காலரை உள்ளே மடித்து, மல்லிகைப் பூ வைத்து, நேராகப் போனார். வாசலில் ஒருவர் பழக்கதோஷத்தில், "ஒரு சோளிங்கர் குடுக்கா" என்றார். அதோடு அக்கா பழைய பச்சைப் பட்டுப்புடவை ஒன்றை வெட்டி, கோட்டுக்கு லைனிங் தைத்துக்கொண்டார். வெளியே காக்கி, டியூட்டி. உள்ளே பச்சை, விசேஷம். திருப்பிப் போட்டால் முடிந்தது.

நான் சொல்ல வந்தது ஆடிக் கிருத்திகையின் இரண்டாம் தெப்பத்தன்று நடந்தது. முதல் தெப்பம் என்று டீக்கடையில் சொல்வார்கள்; நம்பாதீர்கள், அன்று மழை. இரண்டாம் நாள் வானம் கழுவிவிட்டது போலிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வோர் ஆடிக்கும் நாக்பூர் பக்கம் எங்காவது இருப்பார். இருவரும் சேர்ந்து தெப்பம் பார்த்ததே இல்லை. அந்த வருஷம் வந்திருந்தார். விடியற்காலை மறுபடி லோடு. இந்த மாலையை விட்டால் இல்லை. குளத்தின் கீழ்ப்படியில் சந்திப்பதாகப் பேச்சு.

பஸ் ஊருக்குள் நுழையும்போதே அக்கா கடைசி சீட்டோரம் நின்று கோட்டைத் திருப்பிவிட்டார். விசிலை மட்டும் கழற்ற மறந்தார்.

சரவணப் பொய்கை முழுக்க விளக்கு. தெப்பம் கடைசிச் சுற்றில், தூக்கத்தில் நடப்பது போல நகர்ந்துகொண்டிருந்தது. நாகஸ்வரம் தண்ணீர் மேலேயே மிதந்தது. அக்கா கீழ்ப்படியில், கணவரோ மேல்படியில், கூட்டத்துக்குப் பின்னால் எம்பி எம்பித் தேடிக்கொண்டிருந்தார்.

"பாவா! இங்க கீறேன் பாவா!" என்று அக்கா கணவரைக் கூவி அழைத்தார்.

தவில் அதை விழுங்கிவிட்டது. தெப்பம் அக்காவைத் தாண்டப் போகிறது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஒரே ஒரு விசில்.

தெப்பம் நின்றுவிட்டது.

கயிறு இழுத்தவர்கள் எல்லாம் பள்ளிப்பட்டு ரோட்டுப் பையன்கள், அக்கா பஸ்ஸில் தினம் வருகிறவர்கள். அந்த விசில் கேட்டதும் கைகள் தாமாக ஓய்ந்துவிட்டன. "ஏன்டா நிறுத்தினீங்க?" என்று தெப்பத்திலிருந்து ஓர் அதட்டல்.

"ஸ்டாப்பிங் வந்துட்ச்சு போல சாமி!" என்றான் முன்கயிற்றில் இருந்தவன்.

குளக்கரையே சிரித்தது. அக்கா அதற்குள் மேலே பார்த்துக் கத்தினார்: "வழிய வுடுங்க! எறங்குறவங்க எறங்கட்டும்!" ஜனம் பிளந்து வழிவிட்டது. கணவர் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் நின்றார். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில் முருகன். இருவரும் கும்பிட்டார்கள். அவசரமே படாமல் கும்பிட்டார்கள். பிறகு அக்கா இரண்டு விசில் கொடுத்தார். தெப்பம் நகர்ந்தது.

நான் இரண்டு படி மேலே நின்றிருந்தேன். கணவர் அப்போதுதான் மனைவியைப் பார்த்தார்.

"இன்னாமே இது, பச்ச கோட்டு? புதுசா? ராணி மாதிரி கீற."

அக்கா வாயிலிருந்து "ரைட்டு" வரவில்லை. "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அதே பஸ், அதே காக்கி. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டினார். என் கண்ணுக்கு என்னவோ அன்றிலிருந்து அவர் பச்சையாகத்தான் தெரிகிறார்.