ஓடாதே, ஜல்தியா போ!

வீட்டுக்குள் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த நொடி, தறிக்குழிக்குள்ளிருந்து ஒரு கர்ஜனை: "ஏய் சாவித்திரி, ஓடாதடி! வயசுப் பொண்ணு, உடம்பு கரைஞ்சி பூடும்!"

வாசகர்களே, இவர்தான் 'ஓடாதே' அப்பா. ஆரணியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார். நமக்கு மாதிரிக்கு ஒரு தணிகாசலம் போதும். மகள் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினால் கெண்டைக்கால் இறுகும், முகம் கறுக்கும், எந்த மாப்பிள்ளையும் வாசல்படி மிதிக்கமாட்டான் என்று நினைத்த மாத்திரத்தில் அவருக்குக் கண் கலங்கும். ஆனால் விடியற்காலையில் தெருவில் பட்டுப்பாவு நீட்டியதும், அறுந்த இழைகளை முடிய இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறப்பது யார்? குழாயடிக்குக் குடமும் கையுமாக, சாயப்பட்டறைக்குப் பட்டும் கையுமாக, வெற்றிலைக் கடைக்கு வெறுங்கையுமாகப் பறப்பது யார்?

அது ஓட்டமா? சேச்சே. வீட்டு வேலை!

அன்று டிரில் டீச்சர் கன்னியம்மாள் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலூரில் பந்தயம். சாவித்திரி இல்லாவிட்டால் பள்ளிக்கு அணியே இல்லை. கதவோரம் நின்ற சாவித்திரியின் உயிர் அப்பாவின் நாக்கு நுனியில் ஊசலாடியது.

"பூஞ்சை உடம்புங்க டீச்சரம்மா. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும். ஏய், டீச்சருக்கு ஒரு கலர் சோடா வாங்கியா, ஜல்தி!"

அந்தப் பூஞ்சை உடம்பின் சோகக் கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள், கடைத்தெருவிலிருந்து வந்த சோடா, டீச்சர் கையில் சில்லென்று இருந்தது.

"மூச்சே வாங்கலியேங்க?"

"கடைக்குத்தானே போய்கினு வந்தா? ஓட்டம் வேற, டீச்சரம்மா."

டீச்சர் ஒரு வாய் குடித்தார். யோசித்தார்.

"நெசந்தாங்க. ஓட்டத்த விடுங்க. ஒரு பொண்ணு ஒரு குச்சி குடுப்பா. உங்க பொண்ணு அத எடுத்துகினு போயி அடுத்த பொண்ணு கையில குடுக்கணும்."

"குடுத்துட்டா போதுமா?"

"போதுங்க."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "இத மொதல்லியே சொல்றதுதானே! சாவித்திரி, கேட்டுக்கோ. வாங்கின கையோட ஜல்தியா குடுத்துடணும். வழியில எவகிட்டயாவது பேசிகினு நின்னே, கால ஒடச்சிடுவேன்!"

"நிக்கவே மாட்டேம்பா!" சாவித்திரியின் கண்களில் பொலபொலவென்று நீர்.

சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு டீச்சர் படியிறங்கினார். கதவைச் சாத்தத் தணிகாசலம் எழுந்திருப்பார் என்றா நினைத்தீர்கள்?

"ஓடிப்போய் கதவச் சாத்துடி!"

கதவு சாத்தியாயிற்று. நீங்கள் சிரிக்காதீர்கள். இதைப் படிக்க உங்கள் மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச்சொல்லி, சற்றுமுன் யாரை விரட்டினீர்கள்?