இரும்பன் சாகத்தான் வேண்டும்

"மேடம், ஒரு நல்ல சேதி. இரும்பன் கண் முழிச்சுட்டான்!"

போனில் டைரக்டர் சொன்னதைக் கேட்டதும் மருந்துக்கடைக்காரிக்குக் கையிலிருந்த இருமல் மருந்து பாட்டில் நழுவப் பார்த்தது. எதிரே நின்ற வாடிக்கையாளர், யாரோ சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "கடவுள் இருக்காரும்மா" என்றார்.

"யாரைக் கேட்டு முழிச்சான்? மரியாதையா அவனைத் திரும்பப் படுக்க வைங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், அந்த மனிதர் மருந்தைக்கூட வாங்காமல் நடையைக் கட்டினார்.

இரும்பன் ஒரு ரோபோ. அவளுடைய அப்பா எழுதிய ஒரே நாவலின் நாயகன். ஒரு வீட்டில் சமைத்து, துவைத்து, பாத்திரம் தேய்த்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குகிறான். ஒருநாள் அந்த வீட்டார் புது மாடல் ஒன்று வாங்கப்போவதாகப் பேசிக்கொள்வது அவன் காதில் விழுகிறது. அன்றைக்கும் எல்லா வேலையையும் முடிக்கிறான். நாவலின் கடைசி வரி இதுதான்: 'அடுப்பை நிறுத்தினான், பிறகு தன்னையும் நிறுத்திக்கொண்டான்.'

அந்த ஒரு வரிக்காக விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். மனித குலத்தின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு என்றார் ஒருவர். கூட்டங்களில் யாராவது அந்த முடிவைப் பற்றிக் கேட்டால் அப்பா பதிலே சொல்லமாட்டார். லேசாகத் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அந்த அடக்கத்தைப் பார்த்தே பாதிப்பேர் சொக்கிப்போனார்கள்.

அப்பா போனபிறகு ஆளாளுக்கு இரும்பன் மேல் கை வைக்க ஆரம்பித்தார்கள். ரேடியோ நாடகத்தில் அவன் சாகாமல் வெளியூருக்குப் போனான். கேட்டதற்கு, "சாகற சத்தம் ரேடியோவுல எடுபடாதுங்க" என்றார்கள். பள்ளிக்கூட நாடகத்தில் பிள்ளைகள் அழுதுவிடும் என்று எல்லாருமாகச் சேர்ந்து அவனுக்கு எண்ணெய் போட்டார்கள், எழுந்து ஆடினான். இரண்டு இடத்துக்கும் போய் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தாள் மகள்.

"டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நான் இஷ்டத்துக்கு மாத்திக் கொடுத்தா சும்மா இருப்பீங்களா? எங்கப்பா மட்டும் என்ன, இளிச்சவாயரா?" என்பது அவள் கட்சி.

அதனால்தான் டிவி சீரியலுக்கு உரிமை கொடுக்கும்போது விவரமாக ஒரு நிபந்தனை போட்டாள். இரும்பன் சாக வேண்டும்.

"அதேதான் மேடம்" என்றார் டைரக்டர் போனில். "சாகணும்னு போட்டிருந்தது. செத்தான். நேத்து ஊரே பார்த்துச்சு. செத்தப்புறம் எழுந்திருக்கக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

"செத்தவன் எழுந்திருக்கமாட்டான்னு தனியா வேற போடணுமா?"

"சீரியல்ல போடணும் மேடம்."

அவள் விடவில்லை. வக்கீலை வைத்து ஒரு மிரட்டு மிரட்டியதும் டைரக்டர் வழிக்கு வந்தார். இரும்பன் எழுந்திருக்கமாட்டான் என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே இரும்பன் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அவனுடைய அண்ணன் வந்து இறங்கினான். அதே தகர உடம்பு, மேலே ஒரு மீசை.

"ரோபோவுக்கு ஏதுய்யா அண்ணன்?"

"ஒரே கம்பெனியில செஞ்சதுதானே மேடம்? அவன் முன்னாடி செஞ்சவன்."

"அந்த மீசைக்காரன் போயாகணும்! எங்கப்பா கதையில இருக்கறது ஒரே ரோபோ!"

மீசைக்காரன் போனான். ஆனால் ஆளில்லாமல் சீரியல் எப்படி ஓடும்? இரும்பன் செத்ததெல்லாம் அந்த வீட்டு மாமியார் கண்ட கனவு என்று ஆக்கிவிட்டார்கள். மாமியார் வியர்க்க விறுவிறுக்க எழுந்து உட்கார, இரும்பன் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தான்.

கடைக்கு வந்த பெண்கள் எல்லாரும் அவளிடம் சந்தோஷம் விசாரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக டைரக்டர் ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டினாள்.

"கனவுல செத்ததெல்லாம் கணக்குல சேராது. அவன் நிஜமா சாகணும். பார்க்கறவங்க நெஞ்சு வெடிக்கற மாதிரி சாகணும்!"

"அப்படி வாங்க வழிக்கு" என்றார் டைரக்டர் உற்சாகமாக. "நெஞ்சு வெடிக்கணும்னா அழறதுக்கு ஆள் வேணுமில்ல?"

அந்தப் பேச்சை அவள் அப்போதே பிடித்திருக்க வேண்டும். கோபத்தில் கோட்டைவிட்டாள். அடுத்த வாரம் முழுக்க இரும்பனுக்குக் கல்யாணம். மணப்பெண் இன்னொரு ரோபோ. தகரத்துக்கு மேல் பட்டு. மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் காய்ச்சல் மாத்திரையை மறந்துவிட்டு, "பொண்ணு எந்த ஊராம்?" என்று அவளைக் கேட்டார்கள்.

"செத்தாகணும்னு நீங்கதானே மேடம் ஒத்தைக் கால்ல நின்னீங்க?" என்றார் டைரக்டர். "விதவை இல்லாம என்ன சாவு? கடைசி எபிசோடு நாளைக்கு எடுக்கறோம். அவன் சாகறான், பொண்டாட்டி அழறா, மாமியார் மனசு மாறி அவன் முதுகுல இருக்கற பொத்தானை அழுத்தறாங்க. எழுந்து சிரிச்சுக்கிட்டே 'டீ போடட்டுமா அம்மா?'ன்னு கேக்கறான். சுபம்!"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாவலைப் படித்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தால் சீரியல் பார்க்கிறவர்கள் லட்சம் பேர். இது ஒளிபரப்பாகிவிட்டால் அப்பாவின் இரும்பனை இனி ஒருவருக்கும் தெரியாது. டீ போடுகிறவனைத்தான் தெரியும். அப்பா இந்த உலகத்தில் விட்டுப்போனது அந்த ஒரு வரி. அதையும் பறிகொடுத்துவிட்டு எந்த முகத்தோடு அவர் படத்துக்கு முன்னால் நிற்பது?

"நாளைக்கு நானே வரேன்" என்றாள். "எப்படி எழுந்திருக்கறான்னு பார்த்துடறேன்."

மறுநாள் கிளம்பும்போது, "நானும் வரேன்டி" என்றாள் அம்மா. மகள் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அப்பா எழுதியதில் அம்மா ஒரு வரி படித்ததில்லை என்பது குடும்பத்தில் எல்லாரும் நம்பிய விஷயம். அம்மா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டிருந்தாள்.

படப்பிடிப்பு நடக்கும் வீட்டில் இரும்பன் தன் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"மேடம், எப்படியாவது சீக்கிரம் என்னைக் கொன்னுடுங்க" என்றான் அந்த நடிகன். "உள்ள வேர்த்து ஊத்துது."

"கவலைப்படாதே. இன்னிக்கு உன்னைக் கொல்லாம போகமாட்டேன்" என்றாள் அவள்.

அடுப்படிக் காட்சி தயாரானது. மாமியார் பொத்தானை நோக்கி விரலை நீட்டினார். மருந்துக்கடைக்காரி குறுக்கே போய் இரும்பன் முதுகை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கட், கட்! மேடம், நகருங்க!"

"முடியாது. இந்தப் பொத்தானைத் தொடறவங்க என்னைத் தாண்டிப் போய்த் தொடட்டும்."

"உங்கப்பா இருந்திருந்தா இதுக்குச் சந்தோஷமா ஒத்துக்கிட்டிருப்பார் மேடம்!"

"எங்கப்பா மனசு உனக்குத் தெரியுமா?"

"உங்களுக்கு மட்டும் தெரியுமா? இதோ, அவர்கூடவே குடும்பம் நடத்தினவங்க இருக்காங்களே, அவங்களே சொல்லட்டும். அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. இவன் எழுந்திருக்கலாமா, கூடாதா?"

மகள் அவசரமாக அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினாள். அம்மா பாவம், வெள்ளை மனசு. எழுந்தால் எழுந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டால் கதை கந்தல்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குள் வந்தாள்.

"கூடாது" என்றாள். "எழுந்திருக்கவே கூடாது. எத்தனை வருஷம் இந்த அடுப்புக்கு முன்னாடி நின்னான்? ஒருத்தராவது 'நீ சாப்பிட்டியா, உக்காந்தியா'ன்னு கேட்டீங்களா? அவனா முடிவு பண்ணி ஒருநாள் படுத்தான். அது கூடப் பொறுக்கலையா உங்களுக்கு? டீ வேணும்னா நீங்க போட்டுக் குடிங்களேன், கை என்ன சுளுக்கிக்கிச்சா? இவனை எழுப்பினீங்கன்னா நான் இங்கேயே சம்மணம் போட்டு உக்காந்துடுவேன். அப்புறம் எப்படிப் படம் எடுக்கறீங்கன்னு பார்க்கறேன்!"

மேலே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியார் வேஷம் போட்ட நடிகை நீட்டிய விரலை மெதுவாக மடக்கி, "நான் அழுத்தமாட்டேன் சார்" என்றார். தகரத்துக்குள்ளிருந்து, "நானும் எழுந்திருக்கமாட்டேன்" என்று ஒரு குரல் வந்தது.

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "சார் நாவல்ல என்ன சொல்ல வந்தாரோ, அதை அப்படியே சொல்லிட்டீங்கம்மா. சரி, சாகட்டும்."

அன்றைக்கு இரும்பன் செத்த அழகைச் சும்மா சொல்லக்கூடாது. கடைசித் தட்டைத் துடைத்து அடுக்கினான். அடுப்பை நிறுத்தினான். பிறகு தன்னையும் நிறுத்திக்கொண்டான். யாரும் அவனை எழுப்பவில்லை. டைரக்டரே மூக்கை உறிஞ்சினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டோம்மா! உனக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நான் நினைச்சுக்கூடப் பார்க்கலை. அப்பா மட்டும் இன்னிக்கு இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு!"

"அவரா?" என்றாள் அம்மா. "காலையில பொத்தானை அழுத்தினதும் எழுந்து சிரிச்சுக்கிட்டே டீ போடறான்னு இன்னொரு அத்தியாயம் எழுதி வெச்சிருந்தாருடி உங்கப்பா, அச்சாபீசுக்குக் கொண்டுபோன நான்தான், போற வழியில அதைப் படிச்சுப் பார்த்து, ஆத்திரம் தாங்காம கிழிச்சுப் போட்டேன்."