சிறுதுளியாரின் ஆறு சனிக்கிழமைகள்

இல்லாதவர்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே பிறவி எடுத்த ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் தேடிப் போக வேண்டாம், அவரே வந்துவிடுவார். நம்முடையவருக்குச் சிறுதுளியார் என்று பெயர் வைத்தவர்கள் சலவைக்கூடத்துப் பெண்கள். வாயைத் திறந்தால் "சிறுதுளி பெருவெள்ளம்" என்பார். வெள்ளத்தை மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தங்கமான மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமைதோறும் தெருப் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறையில், முழங்கால் தாடையைத் தொடும் குட்டிப் பெஞ்சுகளில் ஏழைப் பெற்றோரை உட்காரவைத்து, முதல் ஒரு மணி நேரம் வரவு செலவு, அடுத்த அரை மணி நேரம் மனபாரம் இறக்குதல் என்று பலகையில் கோடு கிழித்து, பச்சைப் பேனாவால் வரவையும் சிவப்புப் பேனாவால் செலவையும் எழுதி, "டீயை விடுங்க, மாசம் எவ்வளவு மிஞ்சுதுன்னு பாருங்க!" என்று முழங்கி, தொண்டை வறண்டதும் ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ குடிப்பார். அழுகைக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார். பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை. பதினொன்றே காலுக்கே யாருக்காவது கண் கலங்கினால், "கொஞ்சம் பொறுங்கம்மா, வட்டிக் கணக்கை முடிச்சிடுறேன்" என்பார். கண்ணீருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்ன?

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்கா ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண்ணாடி போட்டே ஆக வேண்டும். "ஆறு வகுப்பும் முடிக்கிறவங்களுக்குக் கடைசி நாள் உதவி உண்டு" என்று அவர் சொன்னதை நம்பி, முன் பெஞ்சை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள் பாவம்.

கடைசி நாளும் வந்தது. உதவியும் வந்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் உண்டியல்!

"இப்போ ஒவ்வொருத்தரும் சொல்லுங்க, உங்க வீட்டுப் பணம் ஒழுகுற ஓட்டை எது?" என்றார் சிறுதுளியார் உற்சாகமாக.

அக்கா எழுந்தாள். "நான் கண்டுபிடிச்சிட்டேன் சார். இங்க வர்றதுக்கு வாராவாரம் அரை நாள் கூலி பிடிச்சிக்கிறாங்க. ஆறு வாரத்துக்கு மூணு நாள் கூலி போச்சு. பாப்பா கண்ணாடி விலையே அவ்வளவுதான் சார்."

சிறுதுளியாருக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே சுருக்கென்றது. பச்சையா சிவப்பா, எந்தப் பேனாவை எடுப்பது என்று தெரியாமல் முழித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை! போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"உங்க வலி எனக்குப் புரியுதும்மா. சரியான நேரத்துலதான் சொல்லியிருக்கீங்க. மனசு விட்டு அழுங்க" என்று காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

"அழ நேரமில்ல சார். மதிய ஷிஃப்ட்டுக்கு லேட்டானா அதையும் பிடிச்சிப்பாங்க" என்று உண்டியலை அவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள் அக்கா. பாப்பா இன்றைக்கும் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள்.

'தவணையில் வாங்கியிருக்கலாமே இந்தப் பொம்பளை' என்று இப்போது உங்களுக்குத் தோன்றியதல்லவா? மறைக்காதீர்கள், முகத்திலேயே தெரிகிறது. அடுத்த சனிக்கிழமை பத்தரைக்கு வந்துவிடுங்கள், சிவப்புப் பேனாவுக்கு ஆள் தேவைப்படுகிறது. ஃப்ளாஸ்க் மட்டும் உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்.