முன்சீட்டு அண்ணன் போட்ட பாட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் மனிதரைத் தூங்கவிடாமல் செய்ய எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. பள்ளம் உண்டு, லாரி ஹாரன் உண்டு, வேலை நடக்கிறது என்று பாதையைத் திருப்பிவிட்டு வேலையே நடக்காத இடங்கள் உண்டு. எல்லாம் சேர்ந்தாலும் எங்கள் வேனின் முன்சீட்டுக்காரருக்கு ஈடாகாது. அசந்து தூங்குகிறவளைத் தட்டி எழுப்பி, ஒரு பாட்டு போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, பாட்டைப் போடாமல் கதை சொல்ல ஆரம்பிக்கிற மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வேனில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. டிரைவர் செல்வத்துக்கு அவர் மாமா. எனக்கு முன்சீட்டு அண்ணன். தேவனாம்பட்டினத்துக்காரர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். நானும் இன்னும் சிலரும் சிதம்பரத்தில் வேலை, கடலூரில் வீடு என்று வாழ்க்கையை ஏடாகூடமாக அமைத்துக்கொண்டவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாத வாடகைக்கு வேன் வைத்திருந்தோம். நான் செம்மண்டலத்தில் ஏறுவேன். எனக்கு முன்பே அவர் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேனின் ஸ்பீக்கரைத் தன் போனோடு இணைத்திருப்பார். வேறு எந்தப் போனையும் அந்த ஸ்பீக்கர் ஏற்றுக்கொள்ளாது. அப்படி அவர் என்ன செய்து வைத்திருந்தாரோ, கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. முதலில் ஞாபகம், பிறகுதான் பாட்டு. அந்தப் பாட்டை எங்கே கேட்டார், யாரோடு கேட்டார், அன்று என்ன சாப்பிட்டார் என்பதையெல்லாம் சொல்லி முடிக்காமல் பாட்டு ஓடாது. பாட்டு நான்கு நிமிடம் என்றால் ஞாபகம் ஆலப்பாக்கம் வரை வரும்.

பாட்டுகளும் லேசுப்பட்டவை அல்ல. திருவிழா பேண்டு வாத்தியம் ஒரு நாள், அரபிப் பாட்டு மறுநாள், தேர்தல் பிரச்சாரப் பாட்டு அதற்கு மறுநாள். அந்த வேட்பாளருக்கு டெபாசிட்டே போயிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஒப்பாரி போட்டார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மிரண்டுபோய் வீட்டுக்குப் போன் செய்து எல்லோரும் நலமா என்று விசாரித்தார். ஏன் அண்ணே இப்படி என்று கேட்டதற்கு, திங்கட்கிழமைக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் தன்னிடம் இல்லை என்றார். அதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

சிப்காட் வரும்போது கெமிக்கல் நாற்றத்துக்குப் பயந்து எப்போதும் கண்ணாடிகளை ஏற்றிவிடுவோம். அந்த நேரத்துக்கென்று அவர் சில பாட்டுகளை ஒதுக்கி வைத்திருந்தார். நாங்கள் தப்பித்து எங்கேயும் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதில் ஒன்று இந்திப் பாட்டு. சின்ன வயதில் மும்பையில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது கடுமையான காய்ச்சல் வந்ததாம். கூடத் தங்கியிருந்தவன் தலைமாட்டில் உட்கார்ந்து இதைத்தான் பாடினானாம். விடிந்ததும் காய்ச்சல் போய்விட்டதாம். அது ஏதோ சாமி பாட்டு என்று நம்பி, போடும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி வைப்பார். ஒரு நாள் கல்லூரியில் வடநாட்டு மாணவன் ஒருவன் அதைக் கேட்டுவிட்டு, இது பழைய தலைமுடி எண்ணெய் விளம்பரம் என்று சொல்லிவிட்டான். வேறு ஆளாக இருந்தால் விஷயத்தை அமுக்கியிருப்பார். இவர் மறுநாள் வேனில் எல்லோரையும் எழுப்பி அறிவித்தார்.

"நேத்து வரைக்கும் இது சாமி பாட்டு. இன்னிலேருந்து எண்ணெய் பாட்டு. ஆனா காச்சல் போனது போனதுதான்."

அன்றும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போட்டார்.

வேனில் ஒரு சயின்ஸ் டீச்சர் வந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சமீபத்தில் வந்த சினிமா பாட்டு ஒன்றைப் போடச் சொன்னார். அதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார் முன்சீட்டு. ஒன்றுமில்லை, கேட்க நன்றாக இருக்கிறது என்றார் டீச்சர். அது ஒரு காரணமே இல்லை என்று தள்ளுபடி ஆனது. மறுநாள் டீச்சர் தயாராக வந்தார். விருத்தாசலத்தில் சித்தி மகள் கல்யாணத்தில் கேட்ட பாட்டு, புரட்டாசி மாசம், நல்ல மழை, பிரியாணிப் பந்தி என்று கண்கலங்கச் சொன்னார். முன்சீட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொரட்டாசில எவம்மா பிரியாணி போட்டுக் கல்யாணம் பண்றான்?"

டீச்சர் அதற்குப் பிறகு பாட்டு கேட்பதை விட்டுவிட்டார்.

மற்றவர்களுக்கு இதெல்லாம் தலைவலி. எனக்கு உயிர்ப் பிரச்சினை. அப்போது என் அப்பா எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். கம்மாபுரம் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர். நிலம் சுரங்கத்துக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. நிலம் போனது பகலில் அவருக்குத் தெரியும். இரவானால் மறந்துவிடும். மோட்டார் நின்றுபோச்சு, தண்ணீர் கடைசி வயலுக்கு ஏறவில்லை என்று எழுந்து, மோட்டாரைத் தேடி வீட்டில் இருக்கிற சுவிட்ச் அத்தனையையும் போட்டுப் பார்ப்பார். ஒரு முறை மிக்ஸி ஓடியது. என் வீட்டுக்காரர் இடி விழுந்தாலும் எழுந்திருக்கிற ஜாதி இல்லை. அப்பாவைப் பிடித்துவந்து படுக்கவைத்து, குழாய்களை மூடி, விளக்குகளை அணைத்து நான் படுப்பதற்குள் இட்லி ஊற்றுகிற நேரம் வந்துவிடும். ஆக, எனக்கு இந்தப் பூமியில் மிச்சமிருந்த தூக்கமெல்லாம் அந்த வேனில் போகிற ஒன்றேகால் மணி நேரம்தான். அதிலும் முன்சீட்டு கதை சொன்னார்.

"அண்ணே, கதையச் சுருக்கிக்கிங்க, தூக்கம் வருது" என்பது நான் தினமும் சொல்கிற வசனம். அவர் சுருக்கியதே இல்லை.

கடைசியில் எல்லோரும் கூடிப் பேசி, பாட்டை நிறுத்தச் சொல்வது என்று முடிவானது. யார் சொல்வது என்றதும் எல்லோரும் ஜன்னல் வழியே சவுக்குத் தோப்பைப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன். புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியிருந்தபோது, அப்பா சங்கதியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி, பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

வேன் அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். முன்சீட்டு ஓய்ந்த இடத்தில் மற்றவர்கள் ஆரம்பித்தார்கள். டீச்சர் நாத்தனாரோடு போனில் சண்டை போட்டார். இன்னொருவர் சமையல் வீடியோ பார்த்தார். செல்வம் பேச்சுத்துணை இல்லாமல் கொட்டாவி விட்டான். டிரைவர் கொட்டாவி விடுகிற வண்டியில் யாருக்குத் தூக்கம் வரும்? நான் கண்ணை விரித்து அவன் கழுத்தையே பார்த்தபடி சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன்.

இப்படியே சில நாட்கள் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. அப்பா ராத்திரியில் சரியாக என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். மிக்ஸி கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கரன்ட் மோட்டாரா, ஆயில் இஞ்சினாம்மா?"

கரன்ட் பிற்பாடு வந்தது, ரொம்ப காலம் ஆயில் இஞ்சின்தான், அப்பா கொட்டகையில் அதன் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பார் என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து நின்றார். ஒரு கையில் சங்கரா மீன், இன்னொரு கையில் துண்டில் சுற்றிய ஸ்பீக்கர். அப்பா நாற்காலியில் இருந்தபடியே யாரு என்று கேட்டார். "இஞ்சின் பாக்க வந்திருக்கேன் பெரியப்பா" என்றார் இவர். அப்பா முகம் மலர்ந்தது. இத்தனை நாளாக அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆள் வந்துவிட்டது போல உட்காரச் சொன்னார்.

அப்போதும் அந்த மனிதர் சட்டத்தை மீறவில்லை. ஸ்பீக்கரை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டுக் கதையை ஆரம்பித்தார். நான் அடுப்படியில் மீன் குழம்பைக் கூட்டிக்கொண்டே கேட்டேன்.

"எங்கப்பா கடலுக்குப் போனா இந்த இஞ்சின் சத்தம் கரையில கேக்கறவரைக்கும் எங்கம்மா படுக்காது. எங்களையும் கண்ண மூட விடாது. தூரத்துல டபடபன்னு கேட்டுதுன்னா போதும் பெரியப்பா. அவுங்க கரை ஏறுறதுக்குள்ள நாங்க தூங்கியிருப்போம்."

இவருடைய அப்பாவுக்குப் பிறகு படகு இவர் தம்பியிடம் போனது. அந்தப் பழைய இஞ்சினைக் கழற்றப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இவர் போனை எடுத்துக்கொண்டு கூடவே கடலுக்குப் போயிருக்கிறார். இதில் சங்கடம் என்னவென்றால், மீனவக் குடும்பத்தில் பிறந்தும் இவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அலையில் ஏறினாலே வாந்தி. லேப் அசிஸ்டென்ட் ஆனதே அதனால்தான். ஆகவே பதிவின் நடுவில் அவர் ஓங்கரிக்கிற சத்தமும் கேட்கும், கண்டுக்காதீங்க என்று அப்பாவிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போட்டார்.

டபடபடபவென்று வீடு அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அப்பா கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். நடுவே அந்த ஓங்கரிப்பு வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"வால்வு அடிக்குது. பாத்தியா?"

பார்த்துவிடுகிறேன் என்றார் முன்சீட்டு.

"தண்ணி கடைசி வய வரைக்கும் ஏறிடுச்சா?"

"ஏறிக்கிட்டே இருக்கு பெரியப்பா. நீங்க படுங்க. நான் இருக்கேன்."

அப்பா தூங்கிப்போனார். வாய் திறந்து, கைகள் நாற்காலிக்கு வெளியே தொங்க, சின்னக் குழந்தை மாதிரி. பாட்டைக் குறைக்கலாமா என்று கேட்கத் திரும்பினால், சோபாவில் இஞ்சின் பார்க்க வந்தவரும் தூங்கிக்கொண்டிருந்தார். யார் குறட்டை, எது இஞ்சின் என்று பிரிக்க முடியவில்லை. நான் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது அழுகை வந்தது. பிறகு தூக்கம் வந்தது. மீன் குழம்பு அடிப்பிடித்த நாற்றத்தில்தான் மூன்று பேரும் எழுந்தோம். அதையே நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார் முன்சீட்டு.

அந்தப் பாட்டை என் போனில் ஏற்றிக்கொடுத்தார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது. அப்பா வால்வைக் குறை சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறார். எனக்கும் தூக்கம் கிடைத்தது. திங்கட்கிழமை நான் ஏறியதும் முதல் வேலையாக, பாட்டு வேண்டும் என்றேன். டீச்சர் என்னைத் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார். செல்வம் மட்டும், "வாங்க மாமா முன்னாடி" என்று பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினான். அதற்குப் பிறகு நான் அவருடைய பாட்டுகளை முழித்துக்கொண்டு கேட்டேன். எல்லாம் நல்ல பாட்டுகள் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி சகிக்காது. அந்த அரபிப் பாட்டை இன்றைக்குப் போட்டாலும் வேனிலிருந்து குதித்துவிடுவேன்.

போன வருடம் அவர் ரிடையர் ஆனார். வேனில் இப்போது யார் போனை வேண்டுமானாலும் ஸ்பீக்கர் ஏற்றுக்கொள்கிறது. யாரும் இணைப்பதில்லை. ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு போகிறோம். எனக்கு ரிடையர் ஆக இன்னும் காலம் இருக்கிறது. சாலை வேலையும் முடிகிற மாதிரி தெரியவில்லை.

சென்ற மாதம் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. அவர்தான். போனைச் சட்டைப்பையில் வைத்தபடியே தம்பி படகைத் தள்ளிவிடப் போயிருக்கிறார். குனிந்தபோது போன் கடலுக்குள் போய்விட்டது. மகள் புதுப் போன் வாங்கித் தந்திருக்கிறாள். பாட்டுகள் எதுவும் திரும்பி வரவில்லை.

"வேலைக்குப் போறப்ப எங்க ஒக்காந்தாலும் தூக்கம் வந்துச்சு. இப்ப படுத்தாலும் வரமாட்டேங்குது. அந்த இஞ்சின் ஒங்கிட்ட இருக்குல்லம்மா? மத்தது போனாப் போவுது. அத மட்டும் அனுப்பு."

இருக்கிறது, இப்போதே அனுப்புகிறேன் அண்ணே என்றேன். ஆனால் அவரைப் போனை வைக்க விடவில்லை. சட்டம் சட்டம்தானே. முதலில் ஞாபகம். இந்தப் பாட்டு எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். மிக்ஸி ஓடியது, புதுச்சத்திரத்து டீ, துண்டில் சுற்றிய ஸ்பீக்கர், இஞ்சின் பார்க்க ஆள் வந்ததும் அப்பா முகம் இருந்த இருப்பு என்று ஒன்றையும் விடவில்லை. சங்கரா மீனுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பக்கம் ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்டது.

"கதையச் சுருக்கும்மா. தூக்கம் வருது."

நான் சுருக்கவில்லை.